வெப் காம்போனென்ட்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை பைபாஸ் ரோட்டில் சின்னதாக வெப்சைட் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறோம். பூ வியாபாரி, சுங்குடிச் சேலைக் கடை, கல்யாண மண்டபம், தனியார் காலேஜ் என்று வாடிக்கையாளர்கள் பலவிதம். அவர்களுடைய தளங்கள் அதைவிடப் பலவிதம்: வேர்ட்பிரஸ், ரியாக்ட், வெறும் பிஎச்பி, யாரோ எப்போதோ ஜேகுவரியில் எழுதிவிட்டுப் போனது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும், எங்களைப் போலச் சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் வெப் காம்போனென்ட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறோம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருந்தால் போதும்.

வெப் காம்போனென்ட் என்றால் என்ன?

நீங்களே உருவாக்கும் எச்டிஎம்எல் டேக். பட்டனுக்கும் டேபிளுக்கும் பிரவுசரில் டேக் இருப்பதுபோல, உங்கள் பூ விலைப் பலகைக்கோ மண்டப நாட்காட்டிக்கோ ஒரு டேக் செய்து பிரவுசரிடம் பதிவு செய்துகொள்ளலாம். இதற்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. புது டேக்கைப் பதிவு செய்வது கஸ்டம் எலிமென்ட். அதன் உள்கட்டமைப்பையும் ஸ்டைலையும் வெளிப்பக்கத்திலிருந்து பிரித்து வைப்பது ஷேடோ டாம். திரும்பத் திரும்பப் பயன்படும் எச்டிஎம்எல் துண்டை வைத்துக்கொள்வது டெம்ப்ளேட். மூன்றும் பிரவுசருக்குள்ளேயே இருப்பவை, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

ரியாக்டிலும் காம்போனென்ட் இருக்கே அண்ணே, அப்புறம் இது எதுக்கு?

ரியாக்ட், வ்யூ, ஆங்குலர் எல்லாம் தளம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்குகள். ரியாக்ட் காம்போனென்ட் ரியாக்டுக்குள் மட்டும்தான் ஓடும். வ்யூவில் எழுதியது வ்யூவுக்குள். ஒரு கம்பெனி டிபன் கேரியரின் கிண்ணம் இன்னொரு கம்பெனி கேரியரில் உட்காராது, அந்தக் கதைதான். வெப் காம்போனென்ட் பிரவுசரின் சொந்த டேக்காக இருப்பதால் ரியாக்ட், ஆங்குலர், வேர்ட்பிரஸ், வெறும் எச்டிஎம்எல் என்று எங்கே போட்டாலும் வேலை செய்யும்.

முழுத் தளமும் ஒரே குழு, ஒரே ஃப்ரேம்வொர்க், இரண்டு வருடத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வார்கள் என்றால் உங்களுக்கு இது தேவையே இல்லை. ஒரே பொருளை நாலு விதமான தளங்களில் வைக்க வேண்டியவர்களுக்குத்தான் தேவை. எங்களைப் போன்ற சின்னக் கடைகளின் பிழைப்பே அதுதான்.

சும்மா சொல்லாமல் ஒன்றைச் செய்து காட்டுங்களேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். மல்லிக்கு விடிகாலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஏறும். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்தால் கேட்கவே வேண்டாம். இந்த விலைப் பலகை மூன்று இடத்தில் தெரிய வேண்டும் என்றார்: அவருடைய வேர்ட்பிரஸ் தளம், அவரிடம் பூ எடுக்கும் மேடை அலங்காரக்காரரின் ரியாக்ட் தளம், வெளியூர் வியாபாரி ஒருவரின் பழைய எச்டிஎம்எல் பக்கம்.

மூன்று தடவை எழுதாமல் பூ-விலை என்று ஒரே டேக் செய்தோம். டேக்குக்குள் முதலில் சாதாரண டேபிள் ஒன்று இருக்கும்: மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, எதிரே கிலோ விலை. வேர்ட்பிரஸ் தளத்தில் பக்கம் போகும்போதே சர்வர் அப்போதைய விலையை இந்த டேபிளில் எழுதிவிடும். மற்ற இரண்டு தளங்களிலும் டேபிளுக்குப் பதில் "விலைக்கு மண்டியைக் கூப்பிடவும்" என்ற வரியும் போன் நம்பரும். உசிலம்பட்டி தாண்டிச் சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும் போனில் எங்கள் டேக்கின் ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலும் வாங்க வந்தவர் வெறும் திரையைப் பார்க்க மாட்டார். இந்த முதல் அடுக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எங்களுக்கு அதுதான் முக்கியம்.

ஸ்கிரிப்ட் வந்ததும் டேக் உயிர் பெறும். பக்கத்தில் டேக் இணைந்தவுடன் கனெக்டட் கால்பேக் என்ற ஃபங்ஷனைப் பிரவுசரே அழைக்கும். அங்கே ஷேடோ டாமுக்குள் புது டேபிள் வரைகிறோம். வெளியிலிருந்து வரும் உள்ளடக்கத்துக்கு இடம் விடும் ஸ்லாட்டை வைக்காததால் பழையது மறைந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை புது விலையை எடுத்து வர ஒரு டைமரையும் ஓட விடுகிறோம். டேக் பக்கத்திலிருந்து நீங்கும்போது டிஸ்கனெக்டட் கால்பேக் வரும். டைமரை அங்கே நிறுத்தியாக வேண்டும். வேர்ட்பிரஸில் நிறுத்தாவிட்டாலும் தெரியாது, பக்கம் மாறினால் எல்லாம் போய்விடும். ரியாக்ட் தளத்தில் முழுப் பக்கமும் மாறாமல் உள்ளே மட்டும் மாறுவதால், ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஒரு டைமர் கூடிக்கொண்டே போகும். போன் சூடாவதற்கு இது போதும்.

விலை மாறியதும் டேக் ஒரு நிகழ்வை (ஈவென்ட்) வெளியே அனுப்புகிறது. அலங்காரக்காரரின் ரியாக்ட் தளம் அதைக் கேட்டு மாலைக்கான மதிப்பீட்டை மறுபடி கணக்குப் போட்டுக்கொள்கிறது. அவருடைய கணக்கு எப்படி ஓடுகிறது என்று எங்கள் டேக்குக்குத் தெரியாது. எங்கள் டேக்குக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போவது பண்புகள், வெளியே வருவது நிகழ்வுகள், அவ்வளவுதான் உறவு. ஷேடோ டாமுக்குள்ளிருந்து கிளம்பும் நிகழ்வு வெளியே தெரிய வேண்டுமானால் பபுள்ஸ், கம்போஸ்டு இரண்டையும் ட்ரூ என்று வைக்க வேண்டும். இதைப் போடாமல் "நிகழ்வே வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகளை மாதம் தவறாமல் பார்க்கிறோம்.

டேக்குக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

பாதி வைக்கலாம். விதிப்படி பெயரின் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும், எங்காவது ஒரு ஹைஃபன் இருக்க வேண்டும். மற்றபடி தமிழ் எழுத்துகள் வரலாம், பிரவுசர் ஏற்கும். மேலே பூ-விலை என்று எழுதியிருப்பது படிப்பதற்காக, கோடில் ஆங்கில எழுத்திலேயே எழுதுகிறோம். அடுத்து வந்து பராமரிப்பவர் டைப் அடிக்கத் திணறக் கூடாது. ஹைஃபன் கட்டாயம் என்பதற்குக் காரணம் உண்டு: எச்டிஎம்எல்லில் இனிமேல் சேர்க்கப்படும் புது டேக்குகளுக்கு ஹைஃபன் இருக்காது. நீங்கள் வைத்த பெயரோடு அவை மோதவே மோதாது.

ரியாக்டோடு ஒத்துப்போகாது என்கிறார்களே?

பழைய கதை, ஆனால் பொய்யில்லை. ரியாக்ட் 19 வரும்வரை, வெப் காம்போனென்டுக்கு எதைக் கொடுத்தாலும் ரியாக்ட் அதை எழுத்துச் சரமாக்கி டேக்கின் பண்பாக ஒட்டிவிடும். பூ விலைப் பட்டியலை ஆப்ஜெக்டாகக் கொடுத்தால் உள்ளே "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்று விழுந்து கிடக்கும். நாமே வைத்த பெயருள்ள நிகழ்வைக் கேட்கவும், டேக்கை நேரடியாகத் தொட உதவும் ரெஃப்பைப் பிடித்துக் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த ரியாக்ட் 19 இரண்டையும் சரி செய்துவிட்டது. ஆங்குலர், வ்யூ, ஸ்வெல்ட் எல்லாம் முன்பிருந்தே நன்றாக ஏற்றுக்கொண்டவை. வ்யூ 3.2 முதல் வ்யூவில் எழுதிய காம்போனென்டையே வெப் காம்போனென்டாக மாற்றி எடுக்கும் வசதியும் இருக்கிறது.

வாடிக்கையாளர் தளம் ரியாக்ட் 18 அல்லது 17 என்றால்? சின்னதாக ஒரு உறை எழுதிக் கொடுங்கள், அரை மணி நேர வேலை. "முதலில் தளத்தை 19க்கு ஏற்றுங்கள்" என்று அவரிடம் சொல்லாதீர்கள், அது வேறு பில்.

எல்லாப் பிரவுசரிலும் ஓடுமா?

ஓடும். இந்த யோசனையை கூகுளில் இருந்த அலெக்ஸ் ரஸ்ஸல் 2011இல் ஒரு மாநாட்டில் முதலில் பேசினார். பல வருடம் குரோமில் மட்டும் ஓடும் பரிசோதனையாகவே கிடந்தது. பாலிமர் என்ற லைப்ரரியை 2013இல் கூகுள் கொண்டுவந்தது. 2017இல் புதுப்பித்த யூடியூப் அதில்தான் எழுதப்பட்டது. எல்லாரும் ஒத்துக்கொண்ட வடிவம் 2016இல் குரோமுக்கும், 2017இல் சஃபாரிக்கும், 2018 அக்டோபரில் ஃபயர்பாக்ஸ் 63க்கும் வந்தது. 2020 ஜனவரியில் எட்ஜ், குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியதும் வட்டம் நிறைந்தது.

வழியில் கழன்று விழுந்ததும் உண்டு. ஒரு எச்டிஎம்எல் கோப்பை இன்னொன்றுக்குள் இழுத்துவரும் எச்டிஎம்எல் இம்போர்ட்ஸ் என்ற நான்காவது பகுதியை, ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொஸில்லா ஏற்கவில்லை. கடைசியில் குரோமும் 2020இல் நீக்கிவிட்டது. அதன் வேலையை ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்கள் எடுத்துக்கொண்டன. ஏற்கெனவே உள்ள பட்டனை நீட்டித்து எழுதும் "இஸ்" வழியை ஆப்பிள் இன்றுவரை ஏற்கவில்லை, அதனால் அதைத் தொடாதீர்கள். ஐபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்தான் முதலில் போன் போடுவார்.

2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா, இகாலியா, போக்கூப் ஆகியவை சேர்ந்து இன்டராப் என்ற பெயரில் வருடாவருடம் சில அம்சங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே சோதனைகளை எல்லாப் பிரவுசரிலும் ஓட்டி, மதிப்பெண்ணை வெளிப்படையாகப் போடுகிறார்கள். 2023 பட்டியலில் வெப் காம்போனென்டும், 2024 பட்டியலில் டிக்ளரேட்டிவ் ஷேடோ டாமும் (இது என்ன என்று கீழே சொல்கிறோம்) இருந்தன. வெப்பின் எதிர்காலம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான். யூடியூபில் "இந்த வருடம் ரியாக்ட் செத்துவிடும்" என்று வரும் வீடியோக்களைவிட உருப்படியான ஆருடம்.

ஷேடோ டாம் கட்டாயமா?

இல்லை. கஸ்டம் எலிமென்டை ஷேடோ டாம் இல்லாமலே எழுதலாம், பல நேரம் அதுவே நல்லது.

அந்நியர் தளத்தில் போய் உட்கார வேண்டிய பொருளுக்கு ஷேடோ டாம் வேண்டும். பூ மண்டிக்காரர் வாங்கியிருந்த வேர்ட்பிரஸ் தீமில், பக்கத்தில் உள்ள எல்லா டேபிளுக்கும் ஒன்றுவிட்டு ஒரு வரி சாம்பல் நிறம், முழு அகலம் என்று விதி இருந்தது. ஷேடோ டாமுக்குள் அந்த விதி நுழையாது. நம் விதியும் வெளியே கசியாது. ஒரே தளத்துக்குள், ஒரே ஸ்டைலில் இருக்க வேண்டிய கட்டுரை, தலைப்பு, பட வரிசை போன்றவற்றுக்கு வேண்டாம். அங்கே தளத்தின் ஸ்டைல் உள்ளே வந்தால்தான் நல்லது.

தமிழ்த் தளம் செய்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஷேடோ டாமுக்குள் எழுதும் ஃபான்ட்-ஃபேஸ் விதி வேலை செய்யாது. நோட்டோ சான்ஸ் தமிழோ முக்தா மலரோ, எந்த எழுத்துருவானாலும் வெளிப்பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் அறிவித்தால்தான் உள்ளே கிடைக்கும். நல்லவேளையாக, எழுத்துரு, நிறம், வரி உயரம் ஆகியவை சொத்துபோலப் பெற்றோரிடமிருந்து உள்ளே இறங்கும். ஆகவே காம்போனென்ட் தன் எழுத்துருவைத் தானே கொண்டுவர வேண்டாம், தளத்தின் எழுத்துருவை வாங்கிக்கொள்ளட்டும். வரி உயரத்தை மட்டும் உள்ளே ஒருமுறை சோதியுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2இல் தமிழின் மேலே ஏறும் குறிகளும் கீழே இறங்கும் குறிகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

நிறம், இடைவெளி போன்றவற்றை வாடிக்கையாளர் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் சிஎஸ்எஸ் வேரியபிள்களைத் திறந்து வையுங்கள், அவை ஷேடோ டாமைத் தாண்டி உள்ளே போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் ஒரு துண்டை வெளியிலிருந்து ஸ்டைல் செய்ய விடும் பார்ட். எல்லாவற்றையும் பார்ட்டாகத் திறந்துவிட்டால் மூடி வைத்ததற்கே அர்த்தமில்லை.

ஃபார்ம் எழுதும்போது என்ன செய்வது? தமிழ்ப் பெயர் பெட்டியில் எழுத்து எண்ணிக்கை தப்பாக வருகிறது.

இரண்டு கேள்வி, ஒரே டேக்கில் பதில் சொல்லலாம்.

கல்யாண மண்டபத் தளம் ஒன்றில், வாசலில் வைக்கும் வரவேற்புப் பலகைக்கு மணமக்கள் பெயர் கேட்கும் பெட்டி இருந்தது. பலகையில் இவ்வளவு எழுத்துதான் கொள்ளும் என்று கணக்கு. சாதாரண இன்புட்டில் மேக்ஸ்லெங்த் போட்டால் அது நாம் எண்ணுவதுபோல் எண்ணாது. மீனாட்சி நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு எட்டு. சொக்கலிங்கம் நமக்கு ஏழு, கணினிக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டுகூட நிச்சயமில்லை: ஒகரக் குறியைச் சில பழைய கீபோர்டுகள் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக அடிக்கும், அப்போது பதின்மூன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், தேடினால் மட்டும் ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது.

பிரவுசரிலேயே மருந்து இருக்கிறது. முதலில் நார்மலைஸ் ஃபங்ஷனை ஓட்டி இரண்டு விதத்தையும் ஒன்றாக்குங்கள். பிறகு இன்டல் செக்மென்டரைக் கொண்டு எழுத்துகளைப் பிரித்து எண்ணுங்கள். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125உம் சேர்ந்துகொண்டதால் இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறது. மீனாட்சிக்கு நாலு என்று சரியாகச் சொல்லும். க்ஷ மட்டும் இரண்டாக எண்ணப்படும். லக்ஷ்மிகள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க நாங்கள் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

இதைத் தமிழ்-பெட்டி என்று ஒரு டேக்காகச் செய்துவிட்டால் எல்லாத் தளத்திலும் போடலாம். ஆனால் ஷேடோ டாமுக்குள் இருக்கும் இன்புட்டை வெளியே உள்ள ஃபார்ம் பார்க்காது, சப்மிட் செய்தால் பெயர் போகாது. அதற்குத்தான் எலிமென்ட் இன்டர்னல்ஸ். டேக்கை ஃபார்மோடு சேர்ந்தது என்று அறிவித்து, மதிப்பை நாமே ஃபார்மிடம் ஒப்படைக்கலாம். "பெயர் நீளமாக இருக்கிறது" என்ற பிழைச் செய்தியையும் அதன் வழியாகவே சொல்லலாம். 2023 மார்ச்சில் சஃபாரி 16.4 வந்தபிறகு எல்லாப் பிரவுசரிலும் இது கிடைக்கிறது. அதற்கு முன்பு ஒளித்துவைத்த இன்புட் ஒன்றை வெளியே நட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

தீராத வலி ஒன்று பாக்கி. ஷேடோ டாமுக்குள் இருக்கும் ஐடியை வெளியிலிருந்து குறிப்பிட முடியாது. வெளியே உள்ள லேபிளையோ உதவிக் குறிப்பையோ உள்ளே இருக்கும் இன்புட்டோடு நேரடியாகக் கட்ட முடியாததால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அந்தப் பெட்டியை வெறும் "எடிட்" என்று வாசித்துவிட்டுப் போகக்கூடும். லேபிளையும் இன்புட்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்: இரண்டும் உள்ளே அல்லது இரண்டும் வெளியே. ரெஃபரன்ஸ் டார்கெட் என்ற தீர்வு விவாதத்தில் இருக்கிறது.

கூகுள் தேடலில் வருமா?

வரும். கூகுள் பக்கத்தை ஓட்டிப் பார்த்து ஷேடோ டாமில் உள்ளதையும் சேர்த்தே படிக்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாத ரோபோக்கள் நிறைய உண்டு. அதனால்தான் டேக்குக்குள் சாதாரண உள்ளடக்கம் இருக்கட்டும் என்கிறோம். கிட்ஹப்பில் "3 மணி நேரத்துக்கு முன்" என்று நேரம் காட்டுவது ஒரு கஸ்டம் எலிமென்ட்தான். ஸ்கிரிப்ட் இல்லாமல் பார்த்தால் அதே இடத்தில் சாதாரணத் தேதி இருக்கும். ஷேடோ டாமையே சர்வரிலிருந்து எச்டிஎம்எல்லாக அனுப்பவும் வழி இருக்கிறது. டிக்ளரேட்டிவ் ஷேடோ டாம் என்பது அதுதான், 2024 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் 123 ஏற்றபிறகு எல்லாவற்றிலும் ஓடுகிறது.

ஒரே பெயரில் இரண்டு பேர் டேக் எழுதிவிட்டால்?

இரண்டாவது பதிவு பிழை அடித்து நிற்கும். தீமும் பிளகினும் ஒரே ஸ்கிரிப்டை ஆளுக்கு ஒரு பிரதி ஏற்றும் வேர்ட்பிரஸில் இது சகஜம். பெயருக்கு முன் உங்கள் கடையின் சுருக்கத்தைச் சேருங்கள். பதிவு செய்யுமுன் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் தனிப் பதிவேடு வைக்கும் வசதி பிரவுசர்களில் வர ஆரம்பித்திருக்கிறது.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இலந்தைக்குளம் எல்காட் பூங்காவுக்கோ சென்னைக்கோ இன்டர்வியூ போனால் இன்னும் ரியாக்டும் ஆங்குலரும்தான் கேட்பார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அதே சமயம் சேல்ஸ்ஃபோர்ஸின் லைட்னிங் வெப் காம்போனென்ட்ஸ், எஸ்ஏபியின் யூஐ5 வெப் காம்போனென்ட்ஸ் இரண்டும் பெயரிலேயே சொல்லிக்கொள்பவை. இந்தத் தொழில்நுட்பங்களில் வேலை தரும் கம்பெனிகள் நம் ஊர்ப் பிள்ளைகளை எடுக்கின்றன. அடோபி தன் ஃபோட்டோஷாப்பை பிரவுசருக்குக் கொண்டுவந்தபோதும் வெப் காம்போனென்டைத்தான் பயன்படுத்தியது. ரியாக்டோடு சேர்த்து இதையும் தெரிந்தவருக்கு டாம், அதாவது பக்கத்தின் டேக்குகளைப் பிரவுசர் உள்ளே வைத்திருக்கும் அமைப்பு, எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்கும். இன்டர்வியூவில் அது தானாக வெளியே வரும்.

இதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் சொல்வது தப்பா?

பாதி சரி. சாலிட் ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கிய ரயன் கார்னியாட்டோ 2024இல் வெப் காம்போனென்ட் எதிர்காலம் அல்ல என்றே வாதிட்டார். ஃப்ரேம்வொர்க் காம்போனென்ட் என்பது கோடை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு, கடைசியில் பக்கத்தில் அது ஒரு டேக்காக நிற்க வேண்டியதில்லை. வெப் காம்போனென்ட் ஒவ்வொன்றும் டேக்காக நின்றே ஆக வேண்டும், அதற்கென்று ஒரு செலவு உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயிரம் வரி உள்ள பட்டியலில் ஒவ்வொரு வரியையும், அதற்குள் ஒவ்வொரு ஐகானையும் வெப் காம்போனென்ட் ஆக்கினால் அவர் சொல்வது அப்படியே பலிக்கும்.

எங்கள் தீர்ப்பு: தளம் முழுவதையும் வெப் காம்போனென்டால் கட்டாதீர்கள். ரூட்டிங் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம்), ஸ்டேட் (தளம் நினைவில் வைக்கும் தகவல்) போன்றவற்றுக்கு அதில் பதிலே கிடையாது. இரண்டு பேருடைய கோடு சந்திக்கும் எல்லையில் மட்டும் வையுங்கள். விலைப் பலகை, நாட்காட்டி, பெயர்ப் பெட்டி, வரைபடம் இவையெல்லாம் எல்லையில் நிற்பவை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காம்போனென்ட் எழுதுமுன் எச்டிஎம்எல்லில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். டயலாக் டேக் 2022 மார்ச்சிலிருந்து எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது, பாப்ஓவர் வந்துவிட்டது, ஒன்றைத் திறந்தால் மற்றது மூடும் அக்கார்டியனை டீடெய்ல்ஸ் டேக்குக்கு நேம் கொடுத்தே செய்துவிடலாம். காம்போனென்ட் தான் இருக்கும் இடத்தின் அகலத்தைப் பார்த்து வடிவம் மாற கன்டெய்னர் குவரி இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பாப்அப்புக்கு லைப்ரரி தேடுவதைப் பார்த்தால் எங்களுக்குக் கை பரபரக்கும்.

இன்று செய்தது பத்து வருடம் கழித்தும் ஓடுமா?

ஆங்குலரின் பழைய வடிவமான ஆங்குலர் ஜேஎஸ்ஸில் தளம் செய்து கொடுத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2016இல் வந்த ஆங்குலர் 2 முந்தியதோடு ஒத்துப்போகாத வேறு பிறவி. பழையதற்கு ஆதரவு 2021 கடைசியோடு முடிந்தது. தளங்கள் நின்றுவிடவில்லை, ஆனால் தொட ஆளில்லாமல் போயின.

எதிர்ப்பக்க உதாரணம் நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களை மின்வடிவில் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. அலுவலகம் ஒன்றும் மதுரையில் இல்லை, சங்கம் இருந்த ஊர் என்று பெயர் மட்டும்தான். அதன் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள் அன்றைய பிரவுசரிலும் திறந்தன, இன்றைய போனிலும் திறக்கின்றன. சிரமம் வந்தது எழுத்து வடிவத்தில்தான்: ஆரம்பத்தில் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பொதுத் தரத்தில் நின்ற பகுதி தாங்கியது, தனி எழுத்துருவை நம்பிய பகுதிக்கு மறுவேலை வந்தது. பிரவுசர்கள் ஒருமுறை ஏற்ற தரத்தைச் சுலபத்தில் கைவிடுவதில்லை என்பதால் கஸ்டம் எலிமென்டின் மீது பணம் வைக்க எங்களுக்குப் பயமில்லை.

லைப்ரரி ஸ்கிரிப்டை மட்டும் அடுத்தவர் சர்வரிலிருந்து இழுக்காதீர்கள், உங்கள் சர்வரிலேயே வையுங்கள். பழைய பிரவுசர்களுக்கான ஸ்கிரிப்டை வழங்கிவந்து 2024 பிப்ரவரியில் கைமாறிய பாலிஃபில் ஐஓ தளம், அந்த ஜூனில் தன்னை நம்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தீய கோடை அனுப்பிய சங்கதி மறந்திருக்காது.

லிட் வேண்டுமா, வெறும் ஜாவாஸ்கிரிப்டே போதுமா?

முதல் இரண்டு மூன்றை வெறுங்கையால் எழுதுங்கள். அப்புறம் வெப் காம்போனென்ட் எழுத உதவும் லைப்ரரியான லிட். சுருக்கினால் சுமார் 5 கிலோபைட்தான், மதிப்பு மாறும்போது திரையை மாற்றும் சலிப்பான வேலையை எடுத்துக்கொள்ளும். எல்லாரும் ஒரே லைப்ரரி பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. லிட்டில் எழுதிய டேக்கும் ஸ்டென்சில் என்ற இன்னொரு கருவியில் எழுதிய டேக்கும் ஒரே பக்கத்தில் சண்டை போடாமல் இருக்கும்.

ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே, இதெல்லாம் படிக்க வேண்டுமா?

எழுதித் தருகிறது. டைமரை நிறுத்தாத கனெக்டட் கால்பேக்கையும் அதுதான் எழுதித் தருகிறது. சரிபார்க்க ஆள் வேண்டும்.

வாடிக்கையாளரிடம் இதற்கு எப்படிக் காசு கேட்பது?

"வெப் காம்போனென்ட்" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பூ மண்டிக்காரரிடம் நாங்கள் சொன்னது: "அண்ணாச்சி, இந்தப் பலகையை ஒரு தடவை செய்வோம். உங்களிடம் பூ எடுக்கிற யார் தளத்தில் வேண்டுமானாலும் இரண்டு வரி ஒட்டினால் போதும்." அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "விலையைத் தப்பாப் போட்டுட்டா எல்லா எடத்துலயும் தப்பாத்தானே தெரியும்?" தெரியும். அதனால் அவர் போனில் "சரி" என்று அழுத்திய பிறகே விலை வெளியே போகும்படி வைத்திருக்கிறோம். செய்த வேலைக்கு ஒரு தொகை, பராமரிப்புக்கு வருடத்துக்கு ஒரு தொகை, புதிதாக ஒரு தளத்தில் ஒட்ட சின்னக் கட்டணம் என்று பிரித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் சுலபம். கோடு யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த டேக்கை இன்னொரு மண்டிக்குக் கொடுக்கும்போதுதான் சண்டை வரும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

லைப்ரரி எதுவும் இல்லாமல் ஒரு டேக். தெப்பக்குளத் தெப்பத் திருவிழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் டேக்காக இருக்கட்டும்: உள்ளே சாதாரணத் தேதி, ஸ்கிரிப்ட் வந்தால் எண்ணிக்கை. அதை வெறும் எச்டிஎம்எல் பக்கம், வேர்ட்பிரஸ் பதிவு, ரியாக்ட் ஆப் மூன்றிலும் போடுங்கள். பிறகு ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு மூன்றையும் திறந்து பாருங்கள். ரியாக்ட் ஆப்பில் வெறும் திரை வரும், அது உங்கள் டேக்கின் குற்றமில்லை. மற்ற இரண்டிலும் தேதி தெரிந்தால் அடுத்து தமிழ்ப் பெட்டிக்குப் போகலாம்.